புழக்கடைக் கோழி கேள்வி-பதில்: முட்டை குறைந்தால் முதலில் தராசை எடுங்க

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பாட்டுதான். கடைத் தீவனம் கட்டுப்படியாகவில்லை, வீட்டிலேயே கலக்க ஆரம்பித்தோம், முட்டை நின்றுபோச்சு. அதனால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, சேலத்தைச் சுற்றியும் மேலே ஏற்காட்டிலிருந்தும் வந்த தீவனக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் இருப்பது அயோத்தியாபட்டணம் பக்கம், வீட்டுக்குப் பின்னால் இருபது, இருபத்தைந்து கோழி எப்போதும் நிற்கும். ஆகவே இதில் கொஞ்சம் படித்தது, நிறையப் பட்டது.

கேள்வி: எங்களிடம் பழுப்பு முட்டை போடும் ஜாதிக் கோழி 12 இருக்கிறது. கம்பெனி தீவனம் போட்டபோது தினம் ஒன்பது, பத்து முட்டை. இப்போது சொந்த மக்காச்சோளத்தை உடைத்து, கூடவே குருணை அரிசியும் போடுகிறோம். வயிறு நிறையத் தின்கின்றன, ஆனால் முட்டை நாலுக்கு வந்துவிட்டது. சோளத்தில் சத்து இல்லையா? (வாழப்பாடி வாசகி)

சத்து இருக்கிறது அக்கா, முட்டைக்கு வேண்டிய சத்துதான் இல்லை. கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் வாக்கில் தின்னும். மக்காச்சோளத்தில் நூற்றுக்கு ஒன்பது பங்குதான் புரதம், குருணையில் எட்டு. அப்படியென்றால் நாள் முழுக்கத் தின்றாலும் உள்ளே போவது பத்து கிராம் புரதம். ஒரு முட்டைக்குள் மட்டும் ஆறரை கிராம் இருக்கிறது, மிச்சத்தில் அது உடம்பைப் பார்க்கணும், இறகு வளர்க்கணும், ஓடியாடணும். தினம் முட்டை விடுகிற கோழிக்கு 18 கிராம் போகணும். அதற்கு மேல் ஓடு வேறு. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம், மக்காச்சோளத்தில் கால்சியம் இல்லவே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் தன் எலும்பிலிருந்து எடுத்துப் போடும், அப்புறம் கடையைச் சாத்திவிடும். உங்கள் கோழி செய்திருப்பது அதுதான்.

சரி, கலவைக்கு வருவோம். நான் பத்து கிலோ கலக்கிற கணக்கு இது: உடைத்த மக்காச்சோளம் 4½ கிலோ, கம்பு 1 கிலோ, அரிசித் தவிடு 1 கிலோ, கடலைப் புண்ணாக்கு 1 கிலோ, சோயா புண்ணாக்கு 1 கிலோ 200, உப்புப் போடாத கருவாட்டுத் தூள் 300 கிராம், ஷெல் கிரிட் என்று விற்கிற கிளிஞ்சல் நொறுக்கு 900 கிராம், கோழிக்கான தாது உப்பு வைட்டமின் கலவை 75 கிராம், சமையல் உப்பு 25 கிராம். கூட்டிப் பார்த்தால் பத்து கிலோ வரும். புரதம் 17 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், கால்சியம் மூன்றரை சதவீதம். உங்கள் 12 கோழிக்கு இது ஒரு வாரம் காணும்.

கருவாடு உப்புப் போட்டதாக இருந்தால் அந்த 25 கிராம் உப்பைப் போடவே போடாதீர்கள். கருவாடு வேண்டாம் என்கிற சைவ வீடு என்றால் அதை விட்டுவிட்டு சோயா புண்ணாக்கை ஒன்றரை கிலோ ஆக்குங்கள், கடலைப் புண்ணாக்கில் பாதியை எடுத்துவிட்டு எள்ளுப் புண்ணாக்கு போடுங்கள். கடலைப் புண்ணாக்கில் புரதம் நிறைய இருந்தாலும் மெத்தியோனின் என்கிற ஒரு சரக்கு குறைவு, இறகுக்கும் முட்டைக்கும் அது இல்லாமல் ஆகாது. எள்ளில் அது நிறைய. ஒன்றை ஒன்று சரிக்கட்டும். கோழிகள் ஒன்றின் வாலை ஒன்று கொத்தி இறகைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தால் பல பேர் அதைச் சேட்டை என்று நினைக்கிறார்கள், இடநெருக்கடியும் காரணமாக இருக்கும், ஆனால் நான் முதலில் பார்ப்பது புண்ணாக்கையும் உப்பையும்தான்.

ஒரு எச்சரிக்கை. சோயா புண்ணாக்கு வேறு, மளிகைக் கடையில் வாங்குகிற பச்சை சோயா மொச்சை வேறு. அதை அப்படியே அரைத்துப் போட்டால் புரதம் செரிக்கவிடாமல் தடுக்கிற பொருள் அதில் இருக்கிறது, நன்றாக வறுத்தால்தான் போகும். புண்ணாக்கு என்றே வாங்கிவிடுங்கள், வேலை மிச்சம்.

கலக்குவதிலும் ஒரு பக்குவம் உண்டு. தாது உப்பையும் உப்பையும் நேராகக் குவியலில் கொட்டினால் ஒரு கோழிக்கு ஒரு வாரச் சரக்கும் இன்னொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் இரண்டு கைப்பிடி தவிட்டோடு பிசறுங்கள், பிறகு மிச்சத் தவிட்டோடு, பிறகு புண்ணாக்கோடு, கடைசியில்தான் சோளத்தோடு. மில்லில் சோளத்தை மாவாக அரைக்கச் சொல்லாதீர்கள், ரவையை விடப் பெரிதாக உடைத்தால் போதும். ஆனால் கோழி பெரிய பருக்கையாகப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தூளை அப்படியே விட்டுவிடும், அந்தத் தூளில்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கின மினரல் கிடக்கும். போடும்போது கொஞ்சம் தண்ணீரோ நீர்மோரோ தெளித்து உதிரியாகப் பிசறிப் போட்டால் தூளும் சேர்ந்து உள்ளே போய்விடும். நனைத்ததை அன்றைக்கே தின்ன வைத்துவிடணும், மறுநாள் புளித்த வாடையோடு தொட்டியில் கிடக்கக்கூடாது.

தராசு என்று தலைப்பில் போட்டது இதற்குத்தான். நான் முதல் வருஷம் முழுக்க படியில்தான் அளந்தேன். ஒரு படி தவிடும் ஒரு படி சோளமும் எடையில் ஒன்றாகுமா? ஆகாது, தவிடு பாதிகூட வராது. அந்த வருஷம் என் கோழி என்ன தின்றது என்று எனக்கே தெரியாது.

கேள்வி: ஓடு மெலிந்து கை பட்டாலே உடைகிறது. எங்கள் ஊர்க் கரட்டில் வெள்ளைக்கல் கொட்டிக் கிடக்கிறது, சுண்ணாம்புக் கல்தானே என்று இடித்துத் தூளாக்கி இரண்டு மாதமாகத் தீனியில் கலக்கிறேன். ஓடு தேறவில்லை, எச்சம் வேறு தண்ணியாகப் போகிறது. (கருப்பூர் வாசகர்)

அய்யா, உடனே நிறுத்துங்கள். பார்க்கத்தான் சுண்ணாம்பு மாதிரி, அது சுண்ணாம்பு இல்லை. இங்கிலீஷ்காரன் அதைப் பார்த்துவிட்டு 'சாக் ஹில்ஸ்', அதாவது சாக்பீஸ் சுண்ணாம்புக் கரடு என்று பேர் வைத்தான், அந்தப் பேரே பொய். அங்கே கிடப்பது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். இரும்பு உருக்குகிற உலைக்குள் வைக்கிற செங்கல்லுக்குத்தான் அது லாயக்கு, அதற்காகத்தான் நூறு வருஷத்துக்கு மேலாகத் தோண்டினார்கள். ஓட்டுக்கு வேண்டியது கால்சியம். மெக்னீசியம் அதிகமாகப் போனால் கால்சியத்தின் வேலையைக் கெடுக்கும், ஓடு இன்னும் மெலியும், வயிற்றாலும் போகும். நீங்கள் எழுதியிருக்கிற இரண்டும் அதுவேதான்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இரண்டு தம்ளரில் வினிகர் ஊற்றி ஒன்றில் கிளிஞ்சல் நொறுக்கை ஒரு சிட்டிகை போடுங்கள், இன்னொன்றில் உங்கள் வெள்ளைக்கல் தூளை. கிளிஞ்சல் போட்டது சோடா மாதிரி பொங்கும், ஓரத்தில் நுரை கட்டும், காதைக் கிட்டே வைத்தால் சுர்ரென்று கேட்கும். வெள்ளைக்கல் சும்மா அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஒன்றிரண்டு குமிழி வந்தால் அதிகம். நான் இதைச் செய்து காட்டினபோது எதிர்வீட்டுப் பெரியவர் நம்பாமல் தன் பாக்குப் பெட்டிச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து போடச் சொன்னார்! அதையும் கோழிக்குக் கொடுத்துவிடாதீர்கள், நீற்றின சுண்ணாம்பு வாயையும் குடலையும் வேகவைத்துவிடும்.

கிளிஞ்சல் நொறுக்கை சாயங்காலம் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். ஓடு கட்டுகிற வேலை பெரும்பாலும் ராத்திரியில்தான் நடக்கிறது, ஒரு முட்டைக்கு இருபது மணி நேரம் பிடிக்கும். அடையும் முன் பெரிய நொறுக்காக உள்ளே போனது மெல்லக் கரைந்துகொண்டே விடியும்வரை கால்சியம் கொடுக்கும், தூளாகப் போட்டது அதற்குள் கரைந்து ஓடிவிடும். வீட்டு முட்டை ஓட்டையே கொடுக்கலாம், வெறும் சட்டியில் வறுத்து அடையாளம் தெரியாமல் நொறுக்கிப் போடணும். பாதி ஓடாக வீசினீர்கள் என்றால் முட்டையைக் கொத்திக் குடிக்கக் கற்றுக்கொள்ளும், அந்தப் பழக்கம் வந்த கோழியைத் திருத்த என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை, குழம்பில்தான் முடிந்திருக்கிறது.

கேள்வி: மலையில் மழைக்காலம் வந்தால் கடலைப் புண்ணாக்கு நாலே நாளில் பூத்துப்போகிறது. வெயில் கண்டதும் காயவைத்து, மேலே சுரண்டிவிட்டு வறுத்துப் போட்டால் சரியாகிவிடுமா? காபித் தொலி, தோட்டத்தில் உதிர்கிற பட்டர் ஃப்ரூட் (அவகாடோ), இதெல்லாம் கோழிக்கு ஆகுமா? (நாகலூர், ஏற்காடு)

ஆகாது, ஆகாது, ஆகாது. மூன்றுக்கும் அதே பதில்தான், ஆனால் காரணம் வேறு வேறு.

புண்ணாக்கில் பூக்கிற பூசணம் வெறும் அழுக்கு இல்லை தம்பி. அதில் ஒரு ஜாதி அஃப்ளாடாக்சின் என்கிற விஷத்தை விட்டுவைக்கும். பூசணம் செத்தாலும் விஷம் அப்படியே இருக்கும். வெயிலில் காயாது, வறுத்தாலும் வேகவைத்தாலும் போகாது, சுரண்டினால் கண்ணுக்குத் தெரிகிற பூ மட்டும்தான் போகும். உலகத்துக்கு இந்த விஷம் தெரியவந்ததே கடலைப் புண்ணாக்கால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழி என்ன நோய் என்றே தெரியாமல் செத்து விழுந்தன, தேடிப் பார்த்தால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. கல்லீரலைத்தான் முதலில் அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சாகாது, முட்டை குறையும், சோர்ந்து நிற்கும், தடுப்பூசி போட்டும் நோய் வரும், நாம் வேறு எதையாவது திட்டிக்கொண்டிருப்போம்.

எனக்கும் நடந்தது. ஒரு ஐப்பசியில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று ஒரு கடையில் மூட்டைப் புண்ணாக்கு வாங்கினேன். வில்லையை உடைத்தபோது உள்ளே சாம்பல் பச்சையாக ஒரு கோடு ஓடியது, பழைய மழைத்துணி வாடை. தெரிந்தேதான் போட்டேன், காசு போகுதே என்று. மூன்று வாரத்தில் 18 முட்டை ஆறு ஆனது, இரண்டு கோழி போச்சு. மிச்சத்தை மாட்டுக்குப் போடலாமா என்று கேட்பீர்கள், பாலிலும் வரும் அந்த விஷம், குப்பைக்குழிதான்.

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருகிற ஊர். அங்கே ஒரு மாதச் சரக்கு வாங்கி வைப்பதே தப்பு. பத்து நாளைக்கு ஆகிற அளவு வாங்குங்கள், மூட்டையைத் தரையில் சாத்தாமல் பலகை போட்டு சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள், முடிந்தால் மூடி இறுகின டிரம். மரச்செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் கூடுதலாக நிற்கும், சீக்கிரம் காறிப்போகும், அதை இன்னும் குறைவாக வாங்குங்கள். சோளம் பல்லில் கடித்தால் டக்கென்று உடையணும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், டிரம்மில் போட்டு மூடினால் உள்ளேயே பூத்துவிடும்.

காபித் தொலியில் காஃபீனும் துவர்ப்பும் இருக்கிறது, உரக்குழிக்கு அருமையான சரக்கு, கோழிக்கு இல்லை. பட்டர் ஃப்ரூட் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நாம் தின்கிற பழம்தானே என்று. அதன் இலையிலும் தோலிலும் கொட்டையிலும் பெர்சின் என்று ஒன்று இருக்கிறது, பறவை இனத்துக்கே ஆகாது, இதயத்தைப் பிடிக்கும். கோழி கிளி அளவுக்கு மென்மையானது இல்லைதான், அதற்காகச் சோதித்துப் பார்க்கணுமா? மரத்தடியில் உதிர்ந்ததைப் பொறுக்கிவிட்டுக் கோழியைத் திறந்துவிடுங்கள்.

மலையில் விளைகிற சாமை, தினை, ராகி எல்லாம் தாராளமாகப் போடலாம். கம்பு, சோளத்தின் இடத்தில் பாதிவரை. உமியோடு போட்டால் வயிறு சீக்கிரம் நிரம்பி மற்றதைத் தின்னாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுக்கு சேகோ மில்லில் திப்பி சும்மாவே கிடைக்கும், மரவள்ளியும் சொந்தமாக இருக்கிறது. மக்காச்சோளத்துக்குப் பதில் இதையே போட்டால் செலவே இல்லையே? (ஆத்தூர் வாசகர்)

ஜவ்வரிசி ஊர்க்காரர் கேட்காவிட்டால்தான் அதிசயம். செலவு இருக்கிறது, வேறு பக்கம். மரவள்ளி மாவில் புரதம் இரண்டு, மூன்று சதவீதம்தான். மேலே சொன்ன பத்து கிலோ கலவையில் 2 கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு மரவள்ளி போட்டால் 130 கிராம் புரதம் குறைகிறது, அதை ஈடுகட்ட 300 கிராம் சோயா புண்ணாக்கு கூடுதலாக வாங்கணும். கிழங்கு மிச்சப்படுத்தியதைப் புண்ணாக்கு எவ்வளவு தின்கிறது என்று உங்கள் ஊர் விலைக்குப் போட்டுப் பாருங்கள். கிழங்கு மலிந்து கிடக்கிற வருஷம் லாபம், விலை ஏறின வருஷம் மில்லுக்கே கொடுத்துவிடுங்கள்.

பச்சைக் கிழங்கும் தோலும் இலையும் கோழிக்கு வேண்டாம், சயனைடு. மரவள்ளித் தழையைத் தின்று ஆடு சுருண்டு விழுந்ததை நம் பக்கம் பார்க்காதவர் யார்? தோல் சீவி, மெல்லிசாகச் சீவல் போட்டு, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் சலசலவென்று காய்ந்த பிறகுதான் இடிக்கணும். கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கட்சி. திப்பி அதைவிட மட்டம், மாவுச்சத்தைப் பிழிந்தெடுத்த சக்கைதானே, நாரும் கொஞ்சம் மாவும். ஈரமாக வாங்கினால் ஒரே நாளில் புளித்து நாறும். மாட்டுக்குக் கொடுங்கள், அதன் வயிறு வேறு.

கேள்வி: அசோலா என்கிற நீர்ச்செடியை வளர்த்தால் புண்ணாக்கே வேண்டாம் என்கிறார்களே? (ஓமலூர் வாசகி)

சொல்கிறவர்கள் காய்ந்த அசோலாவின் கணக்கைச் சொல்கிறார்கள், போடுவது பச்சை அசோலா. காய்ந்ததில் நூற்றுக்கு 20, 25 பங்கு புரதம் உண்மைதான். ஆனால் தொட்டியிலிருந்து அள்ளினதில் நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்று பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராம் அள்ளிப் போட்டால் ஒன்றரை கிராம் புரதம் கிடைத்தால் பெரிது. கீரை மாதிரி நினைத்துப் போடுங்கள், நல்லது. புண்ணாக்குக்கு மாற்று என்று நினைத்தால் முட்டை போகும்.

கேள்வி: மஞ்சள் கரு வெளுத்துப்போய் இருக்கிறது, விருந்தாளிகள் பிராய்லர் முட்டையா என்று கேட்கிறார்கள்! (தாரமங்கலம்)

குருணையும் கம்பும் போட்டால் அப்படித்தான் வரும். மஞ்சள் மக்காச்சோளம், முருங்கைத் தழை, அகத்தி, துலுக்க சாமந்திப் பூ இதழ், இதில் எது கிடைத்தாலும் இரண்டு வாரத்தில் நிறம் ஏறும். நிறத்துக்கும் சத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, விருந்தாளிக்கு அதைச் சொல்லிப் பயனில்லை, முருங்கையை ஒடித்துப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: சிறுவிடைக் கோழி நாலு, குஞ்சு இருபதுக்கு மேல் ஒன்றாகத்தான் மேய்கிறது. முட்டைக்கோழித் தீவனம் கலந்து எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடலாமா? அப்பத்தா கரையான் பிடித்துப் போடுவார், இப்போது யாருக்கும் செய்யத் தெரியவில்லை. (ஏத்தாப்பூர் வாசகர்)

சேர்த்துப் போடக்கூடாது. குஞ்சுக்கும் வளர்கிற பெட்டைக்கும் கால்சியம் ஒரு சதவீதம் போதும், முட்டைக்கோழித் தீவனத்தில் மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. மாதக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் கெட்டுப்போகும். கிளிஞ்சலைத் தவிர்த்துக் கலந்து எல்லாவற்றுக்கும் போடுங்கள், கிளிஞ்சலைத் தனியே குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் கட்டுங்கள். முட்டை விடுகிற பெட்டை தனக்கு வேண்டிய அளவு தானே வந்து பொறுக்கிக்கொள்ளும், இந்த விஷயத்தில் அதற்கு நம்மைவிடக் கணக்குத் தெரியும்.

அப்புறம், சிறுவிடைக்கு வாழப்பாடி அக்காவின் கலவையை மூக்கு முட்டக் கொடுக்காதீர்கள். நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டை போட்டு அடைக்கு உட்காருகிற ஜாதி, எவ்வளவு கொட்டினாலும் முந்நூறு போடாது, கொழுப்புத்தான் கட்டும். பகலெல்லாம் மேய்ந்து வருகிற கோழிக்கு சாயங்காலம் 40, 50 கிராம் போதும். அடைந்த பிறகு கழுத்துக்குக் கீழே தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்து, எலுமிச்சை மாதிரி கெட்டியாக இருந்தால் மேய்ச்சல் காணுகிறது. துவண்டு கிடந்தால் கூடப் போடணும்.

கரையான் இப்படித்தான்: பழைய மண்பானை ஒன்றில் காய்ந்த சாணி, கிழிந்த கோணி, சோளத்தட்டை, ஓலைத்துண்டு இதையெல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, பொழுது சாய்கிற நேரம் புற்று ஓரமாகவோ கரையான் ஏறின வேலிக்கால் அருகிலோ வாய் கீழாகக் கவிழ்த்துவிடுங்கள். மண்ணைக் கொஞ்சம் கொத்திவிட்டுக் கவிழ்க்கணும். காலையில் வெயில் ஏறுமுன் தூக்கினால் சாணி முழுக்க வெள்ளையாக நெளியும். குஞ்சுகள் நடுவில் தட்டிவிடுங்கள், அடுத்த அரை நிமிஷம் தரையில் மழை பெய்கிற சத்தம் கேட்கும். தாமதித்தால் கரையான் திரும்ப இறங்கிவிடும், எறும்பு வந்துவிடும். மருந்தடித்த வயல் ஓரமாக மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: கூட்டிக் கழித்துப் பார்த்தால் வீட்டுத் தீவனம் மலிவுதானா? உண்மையைச் சொல்லுங்கள். (சங்ககிரி வாசகர்)

எல்லாவற்றையும் சில்லறையில் வாங்கினால் மலிவு இல்லை. 1997 வரை நம் மாவட்டத்திலேயே இருந்த நாமக்கல்லில் பண்ணைக்காரர்கள் சோளத்தையும் சோயாவையும் லாரிக் கணக்கில் இறக்குகிறார்கள், நானும் நீங்களும் ஐந்து கிலோ வாங்கி அவர்களோடு விலையில் போட்டி போட முடியாது. சொந்தச் சோளமோ, வீட்டு நெல் அரைத்த தவிடோ, செக்கில் ஆட்டின எள்ளுப் புண்ணாக்கோ, ஏதாவது ஒன்று கையில் இருந்தால்தான் கட்டும். எதுவும் இல்லாதவர் கம்பெனி விற்கிற லேயர் தீவனத்தையே, அதாவது முட்டைக்கோழித் தீவனத்தையே வாங்கி, கீரையும் மேய்ச்சலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் லேயர் தீவனத்தில் பாதிக்குப் பாதி சோளத்தைக் கலந்து 'நீட்டுவது' இருக்கிறதே, அது இரண்டு பக்கமும் நஷ்டம். புரதம் 13க்கும் கீழே இறங்கும், கால்சியம் பாதியாகும்.

கேள்வி: மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி அரைத்துத் தீவனத்தில் சேர்த்தால் வெள்ளைக் கழிச்சல் நோய் வராதாமே? (கொளத்தூர்)

வரும். தடுப்பூசி போடுங்கள். கால்நடைத் துறை வழக்கமாக பிப்ரவரியில் ஊர் ஊராக முகாம் போடும், அதை விடாதீர்கள். வெங்காயத்தைக் குழம்புக்கு வையுங்கள்.

கேள்வி: கலவை, கிளிஞ்சல், தண்ணீர் எல்லாம் சரி. மார்கழியில் மட்டும் முட்டை பாதியாகிறது. (செம்மநத்தம், ஏற்காடு)

தீவனத்தைக் குறை சொல்லாதீர்கள், வெளிச்சம் குறைவு. நம் பக்கம் மார்கழிப் பகல் பதினொன்றரை மணி நேரம்தான், மலையில் மூடுபனி அதிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். முழு வீச்சில் முட்டை போட 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் கேட்கும். கூண்டில் ஒரு சின்ன எல்இடி விளக்கை விடியற்காலை நாலு மணிக்குப் போட்டுவிடுங்கள். சாயங்காலம் போட்டால் அணைக்கும்போது பரண் ஏறாத கோழி இருட்டில் திண்டாடும். அந்த நேரத்தில் இறகு உதிர்த்துக்கொண்டிருந்தால் விளக்கும் வேண்டாம், இரண்டு மாதம் ஓய்வு எடுக்கட்டும், புதுச் சிறகு கட்டவும் அதே புரதம்தான் வேண்டும், அதனால் கலவையைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: சித்திரை வெயிலில் தீனியே எடுப்பதில்லை, ஓடு கட்டாத தோல்முட்டை விடுகின்றன. கிளிஞ்சலை இரட்டிப்பாக்கலாமா? (மேட்டூர் வாசகி)

இரட்டிப்பாக்கினால் தீவனம் மண்ணாக ருசிக்கும், இன்னும் குறைவாகத்தான் தின்னும். வெயில் 40 டிகிரியைத் தொடும்போது கோழி வாயைப் பிளந்து இரைக்கிறது, அப்போது மூச்சோடு கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. ஓடு என்பது கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்தது, கால்சியம் இருந்தும் மற்றது இல்லாமல் ஓடு கட்ட முடியாது. ஆகவே வைத்தியம் தீவனத்தில் இல்லை, நிழலிலும் தண்ணீரிலும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, வெயில் சாய்ந்து ஆறு மணிக்கு ஒரு தடவை, ஈரம் தெளித்துப் போடுங்கள், நடுப்பகலில் தொட்டியைத் தூக்கிவிடுங்கள். தின்றதைப் போல் இரண்டு மடங்கு தண்ணீர் சாதாரண நாளிலேயே குடிக்கும், சித்திரையில் அதற்கும் மேல். பிளாஸ்டிக் குடுவையில் வைத்தால் பதினொரு மணிக்கெல்லாம் கை சுடும், கோழி வாய் வைக்காது. அகலமான மண்சட்டியில் ஊற்றி, அடியில் ஈர மணல் பரப்பி, வேப்பமர நிழலில் வையுங்கள், மதியம் ஒரு தடவை மாற்றி ஊற்றுங்கள்.